ஹமீட் என்ற பெயரில் ஒட்டப்பட்ட அறிவித்தலை அகற்றக் கோரல்

அனுப்புநர்:
ஹ. றுஸ்னா,
பள்ளிவாசல் வீதி,
பட்டாணிச்சூர், வவுனியா.

பெறுநர்:
பணிப்பாளர் அவர்கள்,
அல்லி இளையோர் கணினி நிலையம்,
வவுனியா.

விடயம்: பொது அச்சுப்பொறியின் பக்க ஒதுக்கீட்டில் இருவரை ஒரே பெயரில் பதிந்தமையும், அதனால் நேர்ந்த அவமானமும்

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் தங்கள் நிலையத்தில் டிப்ளோமா வகுப்பின் இறுதித் தவணையில் படிக்கிறேன். செயற்றிட்ட அறிக்கையை அச்சிட்டு இம்மாத இறுதிக்குள் ஒப்படைக்காவிட்டால் எனக்குச் சான்றிதழ் கிடையாது. அறிக்கை கணினியில் தயாராக இருக்கிறது. அச்சிடத்தான் அனுமதி இல்லை.

2. எல்லோரும் ஒரே அச்சுப்பொறியைப் பாவிப்பதால், ஆளுக்கு மாதம் நூறு பக்கம் என்று ஒதுக்கி, யார் எத்தனை எடுத்தார்கள் என்று சேவர் என்ற மையக் கணினி கணக்கு வைக்கிறது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் கணினிப் பொறுப்பாளர் திரு. வீரகத்தி செந்தூரன் ஆங்கிலப் படிவத்தில் 'குடும்பப் பெயர்' என்ற கட்டத்தைக் கண்டு, எங்கள் தகப்பன்மாரின் பெயர்களை எங்கள் பெயர்களாகப் பதிந்துவிட்டார். நம்மிடம் குடும்பப் பெயர் ஏது? வாப்பாவின் பெயரை முன்னால் போடுகிறோம், அவ்வளவுதான். அப்படித்தான் நான் அந்தக் கணினியில் 'ஹமீட்' ஆனேன்.

3. பிறகு பூவரசங்குளத்திலிருந்து அஸ்மின் என்ற பாடசாலை ஆசிரியர் எங்கள் நிலையத்தில் படிக்க வந்து சேர்ந்தார். அவருடைய வாப்பாவும் ஒரு ஹமீட். அந்தப் பெயர் ஏற்கெனவே இருக்கிறது என்று கணினி சொன்னதும், அவர் என் சகோதரர் என்று பொறுப்பாளர் தாமே முடிவுகட்டி, என் கணக்கையும் கடவுச்சொல்லையும் அவருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார். எனக்கு ஒரு சொல் சொல்லவில்லை. அஸ்மின் தன் வகுப்புப் பிள்ளைகளின் வினாத்தாள்களைத் தன் பங்குக்கு உட்பட்டே அச்சிட்டார். அவரில் ஒரு பிழையும் இல்லை.

4. இருவர் எடுத்தது ஒருவர் தலையில் விழுந்தது. பொறுப்பாளர் யாரையும் விசாரிக்காமல், 'ஹமீட்: கடதாசி மோசடி. அச்சிடும் உரிமை நிறுத்தம்' என்று வாசலில் கொட்டை எழுத்தில் ஒட்டினார். தன் மைத்துனி பெரியபிள்ளையான சாமத்தியவீட்டு அழைப்பிதழ்களை எந்தக் கணக்கிலும் சேராமல் இதே இயந்திரத்தில் அடித்தவர் இவர். இவருடைய பயனர் பெயர் மட்டும் 'வீரகத்தி' இல்லை, 'செந்தூரன்'. தன் விடயத்தில் தகப்பன் யார், மகன் யார் என்று நன்றாகவே தெரிந்திருக்கிறது.

5. நாங்கள் இருவரும் சென்று விளக்கினோம். உடன்பிறந்தவர்கள் இல்லை என்றதும், வகுப்பு முழுவதும் கேட்க, "அப்ப ஒரே பேரில இருக்கிறதுக்கு நீங்கள் என்ன, புருசன் பெண்சாதியோ?" என்று சொல்லிச் சிரித்தார். நான் மணமாகாதவள். அஸ்மின் அன்றோடு வருவதை நிறுத்திவிட்டார். நான் நிறுத்தப் போவதில்லை.

6. கடந்த வெள்ளிக்கிழமை என்னைக் கூட்டிப்போக வந்த உம்மா அந்த அறிவித்தலை வாசித்துவிட்டார். "மவுத்தாப் போன மனுசன்ர பேரை ஏன் மகள் இதில ஒட்டியிருக்கினம்?" என்று காலஞ்சென்ற தன் கணவரின் பெயரைக் காட்டிக் கேட்டார். ஒதுக்கீடு, சேவர், பயனர் பெயர் என்று வழி நெடுக விளங்கப்படுத்தினேன். அவர் வீடு வந்து சேரும்வரை அழுதுகொண்டே வந்தார்.

7. ஆகவே, என் பெயரிலேயே எனக்கொரு கணக்கைத் திறந்து, அறிக்கையை உரிய காலத்தில் அச்சிட அனுமதிக்குமாறும், பொறுப்பாளரை அதே வகுப்பின் முன் மன்னிப்புக் கேட்கப் பணிக்குமாறும் தங்களைத் தாழ்மையுடன் வேண்டுகிறேன். இவை எல்லாவற்றுக்கும் முதலில் அந்தக் கடதாசியை எடுத்துவிடுங்கள். 1990இல் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரோடும் சேர்த்துத் தண்ணீரூற்றிலிருந்து விரட்டப்பட்ட என் வாப்பா புத்தளம் அகதி முகாமில் காலமானார். கணினி என்ற ஒன்றை அவர் கண்ணால் கண்டதில்லை. அவரை அங்கேயே அடக்கிவிட்டுத்தான் வவுனியாவுக்கு வந்தோம். கபுறைத் தூக்கிக்கொண்டு வர முடியாது, ஐயா. பெயரை மட்டும்தான் கொண்டுவந்தோம். அதைச் சுவரிலிருந்து இறக்கித் தாருங்கள்.

தங்கள் நடவடிக்கையை எதிர்பார்த்திருக்கும்,

(ஒப்பம்)
ஹ. றுஸ்னா

இடம்: வவுனியா
திகதி: 12.07.2004