ரோசாவுக்கு வரம்பு கட்டியவன்

திரைச்சீலைக்குப் பின்னால் நின்றே என் பசியறிந்த மாமிக்கு, ஸலாம். அல்லாஹ் உங்கள் கப்றுக்குழியை விசாலமாக்கி வைப்பானாக.

நம் ஊர் வழக்கப்படி உங்கள் மகள் நஸீறாவைக் கலியாணம் முடித்து உங்கள் வீட்டுக்கே குடிவந்தவன் நான். இத்தனை வருடமும் ஒரே கூரையின் கீழ் இருந்தோம். ஆனால் நேருக்கு நேர் கதைத்தது அபூர்வம். மருமகன் சாப்பிட்டாரா என்று நஸீறாவிடம்தான் கேட்பீர்கள். நானும் அவளிடமே பதில் சொல்வேன். இப்போதுதான் உங்களோடு மனம்விட்டுக் கதைக்கிறேன். கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது.

நீங்கள் மௌத்தாகி எங்களை விட்டுப் போனது மாரி மழையில். அதன் பிறகு நஸீறா முன்வளவுப் பக்கம் போகவே இல்லை. உங்கள் ரோசாச் செடிகள் அங்கேதானே நிற்கின்றன. முன் ஜன்னலையும் கதவையும் சாத்தினாள். தெருவுக்கென்றாலும் பின்பக்கத்தால் போனாள். சமைத்தாள், தொழுதாள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பினாள். சிரிப்பு மட்டும் அவளை விட்டுப் போயிருந்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது, மாமி. இப்படியே ஒடுங்கிப் போய்விடுவாளோ?

ஒரு பூ பூத்தால் ஜன்னலைத் திறப்பாள் என்று நினைத்தேன். பெரும்போக நெல் வெட்டு முடிந்து கையும் சும்மா இருந்தது. ஆனால் நான் வயல்காரன். எனக்குத் தெரிந்த வளர்ப்பு ஒன்றுதான். கடற்கரை மணல் தண்ணீர் பிடிக்காதே என்று வயலிலிருந்து களிமண் கொண்டுவந்து போட்டேன். செடிகளைச் சுற்றி வரம்பு கட்டினேன். மிஞ்சிக் கிடந்த யூரியாவை அள்ளி வீசித் தண்ணீரைத் தேக்கினேன்.

செடிகள் கருகருவென்று எழும்பின. எங்கு பார்த்தாலும் இலை. மொட்டு ஒன்றுகூட இல்லை. மீன் விற்க வரும் அண்ணன்முறைக் காக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, வெள்ளாமை எப்போது வெட்டு என்று கேட்டுவிட்டுப் போனார். பிறகு அடியிலைகள் மஞ்சளித்து உதிரத் தொடங்கின. விடுவேனா? இன்னும் கொஞ்சம் யூரியா.

அன்றைக்குத்தான் முன்கதவு திறந்தது.

“இது என்ன வயலா? வேர் அழுகுது, உங்களுக்கு விளங்கல்லயா? உம்மா இருந்திருந்தா உங்கள இந்தப் பக்கம் விட்டிருப்பாவா?”

மண்வெட்டியை என் கையிலிருந்து பிடுங்கி வரம்பை வெட்டித் தண்ணீரை விட்டாள். அழுதாள். அழுதுகொண்டே களிமண்ணை வாரிக் கொட்டினாள். அல்ஹம்துலில்லாஹ் என்று மனதுக்குள் சொன்னேன்.

வேர் பிடித்துக்கொண்டதும் நீண்ட தண்டுகளைக் கணுவுக்கு மேலே சரிவாக வெட்டினாள். யூரியாப் பை வளவுக்கு வெளியே போனது. நன்றாக உக்கிய மாட்டெருவைத் தண்டில் முட்டாமல் தள்ளிப் போடவேண்டுமாம். மீன் கழுவிய தண்ணீரில் இன்னும் தண்ணீர் சேர்த்துத்தான் ஊற்றவேண்டுமாம். அடுப்புச் சாம்பலென்றால் ஒரு சிட்டிகை போதுமாம். இதெல்லாம் நீங்கள் சொல்லிக் கொடுத்ததா, அவளாகப் பார்த்துப் பழகியதா? கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

இப்போது கச்சான் காற்று அடிக்கிறது, மணல் கொதிக்கிறது. வேரடி காயாமல் வைக்கோல் பரப்ப மட்டும் எனக்கு அனுமதி. வெயில் ஏறுமுன் தண்ணீர் ஊற்றிவிடுகிறோம். கோடைப் பூ கொஞ்சம் சிறுத்துத்தான் பூக்கிறது, மணத்தில் குறைவில்லை. முதல் பூவை நஸீறா பறிக்கவில்லை, உதிரும்வரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இன்று விடியலில் சுபஹு தொழுதுவிட்டு வந்தபோது அவள் செடியடியில் குனிந்து நின்றாள். நேற்று நான் போட்ட எரு தண்டில் முட்டிக் கிடந்ததாம்.

“இன்னொருக்கா இப்பிடிச் செஞ்சா உம்மாக்கிட்டச் சொல்லிக் குடுத்திருவன்” என்றாள்.

சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். நீங்கள் போன பிறகு அந்தச் சிரிப்பை இன்றைக்குத்தான் கேட்டேன், மாமி. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அவள் சொல்லிக் கொடுப்பதற்கு முன் நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எருவை இனித் தள்ளியே போடுவேன். உங்கள் மகளை மட்டும் ஒருநாளும் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன்.

இப்படிக்கு,
உங்கள் பூக்களுக்கு வைக்கோல் சுமக்கும் மருமகன்