வசையா, நடுநிலையா

மார்ச் 3, செவ்வாய்

புதிய தொகுதி வந்திருக்கிறது. தன் கருத்தே சரி என்று பிடிவாதமாக நிற்பவர்களைச் சொல்ல ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் இருந்து, இப்போது செத்துப்போன சொற்கள். இதற்கெல்லாம் யார் காசு கொடுக்கிறார்கள்? வெளிநாட்டில் ஒரு அகராதிக் கம்பெனி கொடுக்கிறது. இதற்காகவா இன்ஜினியரிங் படித்தாய் என்று அப்பா கேட்கிறார். ராஜா அண்ணாமலைபுரத்து ஆபீசில் ஏசி இருக்கிறது. தி.நகரில் அவருடைய ஜவுளிக்கடைக் கல்லாவில் உட்கார வேண்டியதில்லை. போதாதா?

வேலை எளிது. ஒவ்வொரு சொல்லுக்கும் பழைய மேற்கோள்கள் வரும். படித்துவிட்டு, சொல் பாராட்டா, வசையா, நடுநிலையா என்று குறிக்க வேண்டும். நானும் நீரஜாவும் தனித்தனியாகக் குறிப்போம். இரண்டும் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று மென்பொருள் மதிப்பெண் போடும்.

முதல் சொல், ஒப்பினியாட்டர். பிரெஞ்சிலிருந்து வந்து, பதினேழாம் நூற்றாண்டில் நன்றாகப் புழங்கி, பிறகு தேய்ந்துபோனது. சொன்னாலும் கேட்காத ஆள் என்று பொருள். வசை. அடுத்தது பெர்விகேசி, விடாப்பிடித்தனம். அதுவும் வசை. மதியச் சாப்பாட்டுக்குள் முடித்துவிட்டேன். எல்லாம் வசை.

மார்ச் 5, வியாழன்

மீட்டிங். நானும் நீரஜாவும் ஒத்துப்போன மதிப்பெண் படுமோசம். நான் வசை என்ற இடத்தில் பாதிக்கு மேல் அவள் நடுநிலை போட்டிருக்கிறாள்.

"முட்டாள்தனம்" என்றேன். வாயில் வந்துவிட்டது.

அவள் எம்.ஏ. ஆங்கிலம், மயிலாப்பூர். கோபமே படாமல் பேசுவது எரிச்சலாக இருக்கும். "மேற்கோளையெல்லாம் யார் எழுதினான்னு பார்த்தியா? ஒருத்தன்கூட தன்னைப் பத்தி அந்த வார்த்தையைச் சொல்லிக்கலை. திட்டினவன் எழுதி வெச்சிருக்கான். திட்டு வாங்கினவன் எழுதலை. அவன் பிடிவாதமா இருந்தானா, உறுதியா இருந்தானா, உனக்கு எப்படித் தெரியும்?"

பெர்விகேசியின் லத்தீன் வேரில் விடாமல் நின்று ஜெயிப்பது என்ற நல்ல அர்த்தமும் உண்டாம். வேரில் இருந்தால்? ஆங்கிலத்துக்கு வந்தபோது திட்டுதானே?

டீம் லீடர் ஸ்ரீனிவாசராகவன் சார் கையைக் காட்டி நிறுத்தினார். ஆளுக்கு ஒரு முறை திருத்தலாம். செவ்வாய் மாலை பூட்டிவிடுவார்கள். அதுவரை இருவரும் இதைப் பற்றிப் பேசக் கூடாது, பேசினால் தனித்தனியாகக் குறித்ததற்கே அர்த்தமில்லை. மதிப்பெண் தேறினால் அடுத்த தொகுதிக்கும் இருவரும். தேறாவிட்டால் எது சரி என்று அவரே முடிவு செய்வார். யார் குறித்தது அதற்கு நெருக்கமோ அவர் மட்டும் தொடர்வார். ஒத்துப்போகாத இரண்டு பேருக்குக் கிளையன்ட் காசு கொடுக்க மாட்டானாம்.

மார்ச் 6, வெள்ளி

நான் மாற்ற மாட்டேன். சரியை ஏன் மாற்ற வேண்டும்?

மார்ச் 9, திங்கள்

மம்ப்சிமஸ் என்று ஒரு சொல். ஜபத்தில் ஒரு லத்தீன் வார்த்தையைத் தவறாகவே சொல்லிவந்த பாதிரியாராம். திருத்தினார்களாம். இத்தனை வருஷம் சொன்னதை உங்களுக்காக மாற்ற முடியாது என்றாராம். அதிலிருந்து, தப்பு என்று தெரிந்தும் விடாதவனுக்கு அதுவே பெயர். நிச்சயம் வசை என்று சந்தோஷமாகப் படித்துக்கொண்டே போனால், அடுத்த மேற்கோளில் ஒரு ராஜா பார்லிமெண்டில் நின்றுகொண்டு பழசைப் பிடித்துத் தொங்குகிறவனையும் புதுசுக்கு அலைகிறவனையும் சேர்த்தே கடிந்துகொள்கிறார். அப்போது இது யாருக்கு வசை?

சாப்பாட்டு நேரத்தில் நீரஜா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். விதிப்படி சொற்களைப் பற்றிப் பேசவில்லை. வீட்டைப் பற்றிப் பேசினாள். "இந்த வேலை இருக்கறதாலதான் ஆத்துல ஜாதகத்தை வெளியே எடுக்காம இருக்கா. போச்சுன்னா மறுநாளே அமெரிக்கா பையன் வீடியோ கால்ல வந்துடுவான்." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். தயிர்சாதம் பாதி அப்படியே இருந்தது.

மார்ச் 10, செவ்வாய்

மாற்றிவிட்டேன். அவள் எங்கெல்லாம் நடுநிலை என்றாளோ அங்கெல்லாம் நானும் நடுநிலை. மீட்டிங்கில் திரையில் பார்த்தது அப்படியே நினைவிருந்தது. மதிப்பெண் முழுசாக வரும், இருவரும் இருப்போம். கணக்கு சுத்தம்.

அவளுக்காகவா? எனக்காகவா? இல்லை, அவள் சொன்னது சரியா? — மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் என்று எழுதினால் நானே நம்ப மாட்டேன்.

மார்ச் 11, புதன்

மதிப்பெண் ஒரு புள்ளிகூட நகரவில்லை.

அவளும் மாற்றியிருக்கிறாள். நான் குறித்தது போலவே, எல்லாம் வசை.

பேசியிருந்தால் ஒரு நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். பேசக் கூடாதே, விதி! மென்பொருளைப் பார்த்துக்கொள்ளும் ரெஹான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "இன்னா மச்சி இது, நீ அவங்க சீட்ல குந்திக்கினு கீற, அவங்க உன் சீட்ல. பஸ் எப்டி நகரும்?"

மார்ச் 13, வெள்ளி

சார் எதிரில் இருவரும். அவரவர் குறித்ததற்கு அவரவர் காரணம் சொல்ல வேண்டும்.

நான் ஆரம்பித்தேன். திட்டினவன்தான் எழுதி வைத்தான், திட்டு வாங்கினவன் எழுதவில்லை என்றேன். அவளுடைய வரிகள். சொல்லச் சொல்ல நன்றாகத்தான் இருந்தது, அதுதான் பயமாக இருந்தது. அவள், "வேர் என்னவா இருந்தா என்ன சார், இங்கிலீஷுக்கு வந்தப்போ திட்டுதானே" என்றாள். அது என்னுடைய வரி. என்னைவிட நன்றாகச் சொன்னாள்.

சார் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். பெரும்பாலும் நடுநிலைதான் சரி என்றார். "அப்படின்னா சக்திவேல் தொடரலாம்."

என் பெயர். அவள் யோசனை.

"சார், அது அவங்க முதல்ல போட்டது. நான் பார்த்துப் போட்டேன்."

"போன வாரம் நீதானே இதை முட்டாள்தனம்னே?"

"ஆமா சார்."

"இப்போ?"

"தெரியலை சார்."

நீரஜா குறுக்கே வந்தாள். "இல்லை சார், அவர் முதல்ல சொன்னதுதான் சரின்னு எனக்கு இப்போ நிஜமாவே தோணறது."

"ரெண்டு பேரும் முதல்ல வெளியில போய் காபி குடிச்சிட்டு வாங்கப்பா" என்றார் சார்.

காபிக் கடையில் அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்குப் பாவம் பார்த்தியா?"

"நீ பார்க்கலையா?"

"நான் யோசிச்சு மாத்தினேன்."

"நானும்தான்."

"பொய்." டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "எனக்கும் சரியாத் தெரியலை" என்றாள்.

மார்ச் 16, திங்கள்

யோசித்தது யாரோ அவர் இருக்கட்டும் என்று சார் முடிவு செய்துவிட்டார். நீரஜா தொடர்கிறாள். எனக்கு இந்த மாதத்தோடு சரி. வருத்தப்பட வேண்டும் என்று காத்திருக்கிறேன். வருத்தம் வரவில்லை, வேறு ஏதோ வருகிறது. அதற்கு எந்தக் குறி போடுவது?

மார்ச் 31, செவ்வாய்

மேசையைக் காலி செய்தேன். அவள் லீவு.

ஏப்ரல் 8, புதன்

கல்லா. "கம்ப்யூட்டர்ல கிழிச்சது போதும்லா" என்றார் அப்பா. பருத்திப் புடவைகளை வாசல் பக்கம் அடுக்கலாம் என்றேன், முடியாது என்றார். விட்டுவிட்டேன். சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால் அவரே அங்கே மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தார்.

நாலு மணிக்கு நீரஜாவிடமிருந்து மெசேஜ். புதிய தொகுதியிலிருந்து ஒரு சொல், மூன்று மேற்கோள்கள். கீழே: "முதல்ல தோணறதை மட்டும் சொல்லு. எனக்காக மாத்தாதே."

பக்கத்தில் ஒரு அம்மாள் பில்லுக்கு நின்றுகொண்டிருந்தார். மூன்றையும் படித்தேன். வசை என்று அனுப்பினேன்.

"தப்பு" என்று உடனே வந்தது.

"இல்லை" என்று அனுப்பினேன்.

"லஸ் கார்னர்ல காபி. ஞாயித்துக்கிழமை. சண்டையை நேர்ல வெச்சுக்கலாம்."

அந்த அம்மாள், "தம்பி, பில்லு" என்றார். மிச்சச் சில்லறையை இரண்டு தடவை கொடுத்துவிட்டேன் போலிருக்கிறது, அவரே ஒன்றைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.