எண்ணெய் மேல் போட்ட பழி

மார்ச் 4, செவ்வாய்

இன்றும் மேனேஜரிடம் புது ஸ்டாண்டர்டு கேட்டேன். இன்றும் சிரித்தே அனுப்பிவிட்டார்.

நாங்கள் சோதிப்பது கஞ்சாவிலிருந்து எடுக்கும் மருந்து எண்ணெய். வேலை என்ன என்று கேட்பவர்களிடம் எண்ணெய் என்பதோடு நிறுத்திக்கொள்வேன். கஞ்சா என்றால் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொள்கிறார்கள். எண்ணெயில் மருந்து எவ்வளவு என்று சோதனைக் கருவிக்குத் தானாகத் தெரியாது. இவ்வளவு இருக்கிறது என்ற சான்றிதழோடு, கண்ணாடிக் குப்பியில் சீல் வைத்து வரும் கரைசலை முதலில் காட்ட வேண்டும். அதுதான் ஸ்டாண்டர்டு. அது கெட்டிருந்தால் கருவியும் கூசாமல் பொய் சொல்லும்.

ஜனவரி விடுமுறையில் ஃப்ரீசர் நின்றுபோய், திரும்பி வந்தபோது குப்பிகள் வெதுவெதுப்பாகக் கிடந்தன. புதியது வர அரசு அனுமதி வேண்டும். அந்தத் துளியும் கஞ்சாக் கணக்கில்தான் சேருமாம். "சீல் உடையல இல்ல? ஒண்ணும் ஆகியிருக்காது, அத வெச்சே கருவிய ஓட்டு" என்கிறார். ஸ்டாண்டர்டைச் சோதிக்க இன்னொரு ஸ்டாண்டர்டு வேண்டும். அது இருந்தால் நான் ஏன் இவர் முன்னால் போய் நிற்கிறேன்?

மார்ச் 7, வெள்ளி

அக்கா போன் செய்தாள். அவள் மகள் குருவிக்கு மறுபடி வலிப்பு. காலையில் வீட்டில் ஒன்று, பிறகு பள்ளியில்.

ஏழு வயதுக் குழந்தை. எந்த மாத்திரைக்கும் மசியாத வலிப்பு, இந்த எண்ணெய்க்குத்தான் அடங்கியது. ஒரு வருடத்துக்கு மேல் எட்டிப் பார்க்கவில்லை. அந்தத் தைரியத்தில்தான் பள்ளியிலேயே சேர்த்தார்கள். இப்போது — எழுத ஓடவில்லை.

மார்ச் 9, ஞாயிறு

அக்கா வீட்டுக்குப் போனேன். குருவி என் மடியிலேயே தூங்கிவிட்டாள். எண்ணெய் பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். பிப்ரவரியில் தயாரானது. சோதித்துக் கையெழுத்துப் போட்டது நான்.

பேருந்தில் வரும்போதுதான் உறைத்தது. ஸ்டாண்டர்டு வீரியம் இழந்திருந்தால், நீர்த்த எண்ணெயும் அதன் பக்கத்தில் முழுசாகத் தெரியும். அப்படியானால் நோய் முற்றவில்லை, எண்ணெய்தான் சரியில்லை. நல்ல எண்ணெய் வந்தால் தீர்ந்தது.

என் வேலை தப்பாக இருக்கட்டும் என்று நானே வேண்டிக்கொள்ளும் காலம் வந்துவிட்டது. சிரிப்பாக இருக்கிறது. ஆனால் மனதார வேண்டிக்கொண்டேன்.

மார்ச் 10, திங்கள்

அக்காவிடம் சொல்லிவிட்டேன். நிச்சயமில்லை என்றும் சொன்னேன். அது அவள் காதில் ஏறவில்லை. குரலே மாறிவிட்டது. அளவைக் கூட்டிக் கொடுக்கலாமா என்றாள். எவ்வளவு குறைகிறது என்று தெரியாமல் எவ்வளவு கூட்டுவது? வேண்டாம் என்றேன். கடைகளில் இருப்பதெல்லாம் நாங்கள் சோதித்து அனுப்பிய இதே எண்ணெய்தான், வேறு வாங்கவும் வழியில்லை.

டாக்டர் புது மாத்திரை ஆரம்பிக்க இந்த வாரம் வரச் சொல்லியிருந்தாராம். மாத்திரை என்றாலே குழந்தை மந்தமாகிவிடுகிறாள், நல்ல எண்ணெய் வரட்டும் என்று தள்ளிப்போட்டுவிட்டாள். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

மார்ச் 21, வெள்ளி

அனுமதி வரவில்லை.

ஏப்ரல் 2, புதன்

நேற்று வந்த வலிப்பு நிற்கவே இல்லை. ஆம்புலன்ஸ் வைத்துத் தூக்கிக்கொண்டு ஓடினோம். ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்: "எண்ணெய் சரியாயிட்டா இவளும் சரியாயிடுவா, இல்லடா?"

ம் என்றேன். வேறு என்ன சொல்வது? மாத்திரையை ஆரம்பி என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்கும் அந்த எண்ணெய்தான் கதி.

ஏப்ரல் 17, வியாழன்

ஸ்டாண்டர்டு வந்தது. குப்பியின் கழுத்தை உடைத்தேன். குருவியின் பாட்டிலில் மிச்சமிருந்த எண்ணெயைத்தான் முதலில் கருவியில் ஓட்டினேன்.

லேபிளில் உள்ளது உள்ளபடி இருக்கிறது. மறுபடி கரைத்து ஓட்டினேன். அதே எண். பழைய ஸ்டாண்டர்டையும் புதியதோடு வைத்துப் பார்த்தேன். அது எதையும் இழக்கவில்லை. ஃப்ரீசர் நின்றதில் அதற்கு ஒரு கேடும் வரவில்லை.

எண்ணெய் நல்ல எண்ணெய். என் கணக்கும் சரி. குழந்தையின் வலிப்புதான் இப்போது அதற்குக் கேட்கவில்லை.

மேனேஜர் தோளில் தட்டி, "நான்தான் சொன்னேனே" என்றார். அவருக்கு எல்லோருக்கும் டீ வாங்கித் தரும் அளவுக்குச் சந்தோஷம். அந்த டீயைக் குடித்தேன். கழிவறைக்குப் போய் அழுதுவிட்டு வந்து, மீதி மாதிரிகளை ஓட்டினேன்.

ஏப்ரல் 18, வெள்ளி

அக்காவிடம் சொல்லவில்லை. போனையே எடுக்கவில்லை.

ஏப்ரல் 19, சனி

நேரில் போனேன். என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்குத் தெரிந்துவிட்டது. "நல்லா இருக்கா எண்ணெய்?" என்றாள். இருக்கு என்றேன். சரி என்று சொல்லிவிட்டு மிச்சப் பாத்திரத்தையும் கழுவி முடித்தாள். திங்கட்கிழமை டாக்டரிடம் போகலாம் என்றாள்.

மே 5, திங்கள்

புது மாத்திரையிலும் வலிப்பு நிற்கவில்லை. கொஞ்சம் தள்ளித் தள்ளி வருகிறது, அவ்வளவுதான். குருவி பகலெல்லாம் தூங்குகிறாள். விழித்திருக்கும்போதும் கூப்பிட்டால் திரும்ப நேரமாகிறது. முன்பே ஆரம்பித்திருந்தாலும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது என்றார் டாக்டர். மேஜையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நான் நம்பவில்லை.

அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். என்னால்தான் தள்ளிப்போனது, மன்னித்துவிடு என்றேன்.

"விடுடா. இந்த ரெண்டு வருஷத்துல, வலிப்பு நின்னிருந்தப்பகூட எப்ப வருமோன்னு முழிச்சுத்தான் கெடந்தேன். அந்த ஒரு மாசந்தான் நான் தூங்கினேன். எண்ணெய் மேல பழியப் போட்டுட்டு நிம்மதியா தூங்கினேன்."

பிறகு பள்ளிச் சீருடைகளை மட்டும் தனியாக எடுத்து வைத்து, எதிர்வீட்டுப் பெண்ணுக்கு அளவு சரியாக இருக்குமா என்று என்னைக் கேட்டாள். இருக்கும் என்றேன்.