கீப்பருக்கு எந்த மாதம்

நானா,

இன்று காலை கண் விழித்ததும் போன் உங்களைக் காட்டியது. 'ஒரு வருடத்துக்கு முன் இதே நாளில்' என்று அதுவாகவே எடுத்துப் போட்ட வீடியோ. நீங்கள் இடப்பக்கம் பாய்கிறீர்கள். பந்து உங்கள் விரல் நுனியில் பட்டுக் கோல் கம்பத்துக்கு வெளியே போகிறது. பின்னால் என் தொண்டை கிழிகிறது: "தட்டிட்டார்! நானா தட்டிட்டார்! ஐயோ மாதாவே, இந்த மனுசன் மனுசனே இல்ல!"

அந்த வீடியோ அதோடு முடிந்துவிடும். அதற்கடுத்து நடந்தது வேறொரு வீடியோவாக என்னிடம் இருக்கிறது. அதை நான் எங்கும் போட்டதில்லை. இந்த வாரம் இரண்டு பக்கமும் அதைக் கேட்டு எழுதியிருக்கிறார்கள். மாதக் கடைசியில் தொடங்குகிற இந்த வருட ஜனவரிக் கிண்ணத்துக்கு உங்கள் பெயராம். கிண்ணக் குழு அதைத் தொடக்க விழாவில் பெரிய திரையில் போட வேண்டுமாம். உங்கள் பக்கத்துப் பெடியள் ஒக்டோபரில் உங்கள் முகத்தைப் போஸ்டராக அடிக்கப்போகிறார்களாம், ரத்தம் வழிகிற முகத்தை. இரண்டு பேரும் ஒரே சொல்லைத்தான் எழுதியிருக்கிறார்கள்: "அவர் எங்கட ஆள்." நீங்கள் உயிரோடு நின்றபோது இதை யாராவது இவ்வளவு அன்பாகச் சொன்னார்களா நானா?

எங்கள் தோட்டவெளி உதைபந்து அணிக்கு நல்ல கீப்பர் ஒருநாளும் வாய்த்ததில்லை. அதற்கு நம் கரையில் ஒரு வழக்கம் இருக்கிறது. வெளியூர் ஆட்களுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். ஆள் குறைந்தால் அடுத்த ஊரில் போய்க் கேட்கலாம். வெறுங்கையோடு கேட்கக் கூடாது. கப்டன் நல்ல மீன் ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஆட்டக்காரரின் வீட்டுக்குப் போய் அவருடைய அம்மாவிடம் கொடுக்க வேண்டும். அவர் அதை வாங்கிச் சமைத்து, எல்லாரும் ஒன்றாக இருந்து சாப்பிட்டால் முடிந்தது. அந்தப் பருவம் முழுக்க அந்த ஆட்டக்காரர் மீன் கொண்டுவந்த ஊரின் ஆள். எதிரில் சொந்த ஊரே வந்தாலும் மாறக் கூடாது.

எங்கள் கப்டன் டிலக்சன் உங்கள் ஊர் சிலாவத்துறைக்குப் பாரை மீன் கொண்டுவந்த அன்று, மோட்டார் சைக்கிளின் பின்னால் இருந்து படம் பிடித்தபடி நானும் வந்தேன். உங்கள் உம்மா மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்தார்.

"இது நேத்தைய மீன்."

டிலக்சனின் முகம் செத்துவிட்டது.

"சரி, மீன் நேத்தைய மீனெண்டாலும் பெடியன் இண்டைக்கு வந்திருக்கிறானே," என்று சிரித்துக்கொண்டு உம்மா கத்தியை எடுத்தார்.

நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். "இதாரு, போனும் கையுமா?"

"நான் மெச்சுக்குக் கொமென்ட்ரி சொல்றனான்."

"ஆர் பழக்கினது?"

"ஒருத்தரும் இல்ல. போனில பாத்துப் பாத்துப் பழகினனான்."

"எங்க, ஒருக்காச் சொல்லுங்கோ பாப்பம்."

உம்மா மீன் பொரித்ததை நான் இறுதி ஆட்டம் மாதிரிச் சொன்னேன். எண்ணெய் வெடித்தது, பாரை திரும்பியது, கோல்! நீங்கள் சுவரில் சாய்ந்து சிரித்தீர்கள். அன்றிலிருந்து உங்கள் வாயில் என் பெயர் ரேடியோ, என் வாயில் நீங்கள் நானா, உங்கள் ஊரில் அண்ணனைக் கூப்பிடுகிற மாதிரி.

பிறகுதான் மாதம் வந்தது. வெளிநாடுகளில் எங்கள் ஆட்கள் ஜனவரியைத் தமிழ் மரபு மாதம் என்று கொண்டாடுவதைப் போனில் பார்த்துப் பார்த்து எனக்குப் பைத்தியம் பிடித்திருந்தது. பனியில் பொங்கல் பொங்குகிறார்கள், பறை அடிக்கிறார்கள்! அங்கேயிருந்த சிலர் மன்னாரிலும் ஒரு மரபு மாதக் கிண்ணம் வைக்கலாம் என்றபோது முதலில் துள்ளியவள் நான். அதற்குப் பிறகு விதி வந்தது. தமிழ் வீரர்கள் மட்டும்.

உங்களுக்குத் தமிழைத் தவிர வேறு பாசை தெரியாது. ஆனால் நீங்கள் முஸ்லிம்; இங்கே அது வேறு இனம். நான் என் முகநூல் பக்கத்தில் கேள்வி ஒன்றைப் போட்டேன்: ஒவ்வொரு இனத்துக்கும் தனித்தனியாக மரபு மாதம் வேணுமா? அவ்வளவுதான். போன் கொதித்தது.

"தமிழ் கதைக்கிறவர் தமிழர்தானே, விளையாட விடுங்கோ."

"மற்ற நேரம் நாங்கள் தமிழர் இல்ல எண்டுறவை, கிண்ணமெண்டா மட்டும் தமிழரோ?"

"அவைக்கு ஒரு மாசம், மலையகத்து ஆக்களுக்கு ஒரு மாசம், பறங்கியருக்கு ஒரு மாசம். வருசம் முடிஞ்சுது. அப்ப மன்னார்க் கழுதைக்கு எந்த மாசம்?"

கழுதைக்குத்தான் சிரிப்பு முகங்கள் குவிந்தன. நானும் ஒன்று போட்டேன். அன்று பின்னேரம் பயிற்சி முடிந்து, கம்பத்தடியில் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்த நீங்கள் மட்டும் சிரிக்கவில்லை.

"ரேடியோ, எனக்கு ஒரு மாசம் வேணும்."

"எடுங்கோ நானா. எது?"

"ஒக்டோபர்."

"அதில என்ன பெருநாள் வருது?"

"பெருநாள் இல்ல. உம்மாவையும் வாப்பாவையும் துவக்குக் காட்டி வெளிய போகச் சொன்ன மாசம்."

எனக்குத் தெரியும். இந்தக் கரையில் தெரியாதவர்கள் இல்லை. யாரும் அதைப் பற்றிக் கதைப்பதில்லை, அவ்வளவுதான். போர்க்காலத்தில் ஒரு ஒக்டோபரில், துப்பாக்கி தூக்கிய எங்கள் பக்கத்துப் பெடியள்தான், வடக்கிலிருந்த முஸ்லிம்கள் எல்லாரையும் துரத்தினார்கள். நீங்கள் பிறந்தது புத்தளத்து அகதி முகாமில், ஓலைக் கொட்டிலுக்குள்.

"மரபு எண்டா ஆட்டம், பாட்டு, சாப்பாடு நானா. அழுகிறதுக்கும் மாசம் வைக்கிறதோ?"

"எங்களுக்கு மிஞ்சினது அந்தக் கதைதான் தங்கச்சி. மற்றச் சாமான் ஒண்டும் கொண்டுபோக விடேல்லயே."

"அப்ப ஒரு மாசம் முழுக்க எங்கட ஆக்கள் குற்றவாளி மாதிரி நிக்கோணுமோ? எங்கட சித்தப்பாவை வெள்ளை வானில ஏத்திக் கடத்திக்கொண்டு போனவங்கள், இன்னும் ஆள் வரேல்ல. அதுக்கு ஆர் வந்து நிக்கிறது?" நான் கத்தினேன். பந்தை ஓங்கி உதைத்தேன். அது வேலிக்கு அந்தப் பக்கம் மேய்ந்த கழுதையின் வயிற்றில் போய் விழுந்தது.

நீங்கள் பந்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தீர்கள்.

"நான் நிக்கிறன். ஜனவரில சித்தப்பாட கதையச் சொல்லுங்கோ, நான் வந்து நிண்டு கேக்கிறன். ஒக்டோபரில நீங்கள் வந்து நில்லுங்கோ. ஒரு மாசம் நிண்டாக் கால் உளையாது."

கிண்ணக் குழு உங்களை எடுக்க வேண்டாம் என்றது. டிலக்சன் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தான். "மீன் திண்டாச்சு அண்ணை. அவர் எங்கட கீப்பர். அவர் இல்லையெண்டா நாங்களும் இல்ல." எங்கள் அணி இல்லாவிட்டால் சனம் வராது என்று அவர்களுக்குத் தெரியும். விட்டுக்கொடுத்தார்கள். அப்படித்தான் நீங்கள் ஜனவரியில் வந்து நின்றீர்கள்.

இறுதி ஆட்டத்தில் உங்கள் கம்பத்துக்குப் பின்னால் எதிரணிக்காரர் கூட்டம் ஒன்று கூடியது. முதலில் கைதட்டல் மாதிரித்தான் கேட்டது. பிறகு சொல் புரிந்தது. "ஒக்டோபருக்குப் போ! ஒக்டோபருக்குப் போ!" கம்பத்தடியில் நாம் கதைத்ததை யாரோ கேட்டுப் பரப்பியிருந்தார்கள். உம்மாவின் மாதத்தை எடுத்து உங்கள் முதுகில் எறிந்தார்கள். அதற்குப் பிறகு தண்ணீர்ப் போத்தல். பிறகு கரையில் கிடந்த முருகைக்கல். ஒன்று காதுக்கு மேல் பட்டது. தோளில் ரத்தம் ஒழுகியது. நடுவர் ஓடிவந்தார். நீங்கள் கையைக் காட்டி அவரைத் திருப்பி அனுப்பினீர்கள். முடிகிற நேரத்தில் அவர்களுக்குப் பெனல்டி கிடைத்தது. இடப்பக்கம் பாய்ந்தீர்கள். தட்டினீர்கள்.

அவர்கள் கயிற்றைத் தாண்டி வந்தார்கள்.

மூலைக் கொடியைப் பிடுங்கிக்கொண்டு வந்தவன்தான் முதலில் அடித்தான். தடி முறிந்தது. முறிந்த முனையால் குத்தினான். நீங்கள் விழுந்ததும் ஒருவன் உங்கள் வலக்கையில் ஏறி மிதித்தான். சப்பாத்தின் ஆணிகள் கையுறைக்குள் இறங்கின. விரல்கள் முறிகிற சத்தம் அந்த வீடியோவில் கேட்கிறது நானா, காய்ந்த பனைமட்டையை உடைப்பது மாதிரி. "கழட்டடா சட்டைய! அது எங்கட சட்டை!" என்று இரண்டு பேர் இழுத்தார்கள். கையால் பிடிக்க முடியாததால் கழுத்துப் பட்டியைப் பல்லால் கடித்துக்கொண்டு கிடந்தீர்கள். டிலக்சன் ஒருவனின் காதைக் கடித்துத் துப்பினான். போன் பூட்டியிருந்த முக்காலியைத் தூக்கி நான் ஒருவனின் பிடரியில் இறக்கினேன். முக்காலி உடைந்தது. அதற்காக நான் இன்றுவரை வருந்தவில்லை.

அதோடு முடிந்திருந்தால் இந்தக் கடிதம் இல்லை. மூன்றாம் நாள், அடித்தது எந்த ஊர் என்று பாராமல், உங்கள் பக்கத்துப் பெடியள் மோட்டார் சைக்கிள்களில் எங்கள் சந்திக்கு வந்தார்கள், இரும்புக் குழாய்களோடு. எங்கள் பெடியள் துடுப்பும் மீன்வெட்டும் கத்தியுமாக நின்றார்கள். டிலக்சன் எல்லாருக்கும் முன்னால். ஆஸ்பத்திரியிலிருந்து ஓட்டோவில் வந்து நடுவில் இறங்கினீர்கள். தலையில் தையல், கையில் மாவுக்கட்டு.

"விலகுங்கோ நானா! உங்களுக்காகத்தான் வந்தனாங்கள்!"

"எனக்காகவெண்டாத் திரும்பிப் போங்கோ."

"அவங்கட மீனைத் திண்டு திண்டு இவனும் அவங்கட ஆளாயிட்டான்டா!"

குழாய் ஓங்கியது டிலக்சனின் தலைக்கு. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். நீங்கள் இடப்பக்கம் பாய்ந்தீர்கள், எப்போதும் போல. அதையும் தட்டினீர்கள், தலையால். மூளி மண்சட்டி உடைகிற சத்தம். டிலக்சனின் சட்டை முழுக்க உங்கள் ரத்தம். "நானா! நானா!" என்று இரண்டு பக்கமும் ஒரே குரலில் கத்தியது அந்த ஒருமுறைதான்.

எந்த அடி கொன்றது என்று டொக்டருக்குச் சொல்ல முடியவில்லை. ஆகவே இரண்டு பக்கமும் மற்றப் பக்கத்து அடிதான் என்றது. உங்கள் ஜனாஸா அடக்கத்துக்கு எங்கள் ஊரிலிருந்து ஆம்பிளையள் போனார்கள். நான் வீட்டில் இருந்து உடைந்த முக்காலியைக் கட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது வீடியோவைக் கேட்கிறார்கள். நேற்று விடிய மன்னார் மீன் சந்தைக்குப் போனேன். துள்ளல் அடங்காத பாரை ஒன்றை வாங்கிக்கொண்டு சிலாவத்துறை பஸ் ஏறினேன்.

"அக்கா, ரெண்டு பேரோ?" என்று கொண்டக்டர் பையைக் காட்டிக் கேட்டான்.

"ஓம். மற்றவர் சீட் கேக்கமாட்டார்."

உம்மா செவுளைத் தூக்கிப் பார்த்தார். "இண்டைய மீன்," என்றார். பிறகு கேட்டார்: "ஆரைக் கேட்டு வந்தனீங்கள் மகள்? இந்த வீட்டில இனி ஆள் இல்லயே."

"நானாவைத்தான் உம்மா. ரெண்டு பக்கமும் கேக்கினம். உங்களைக் கேக்காம நான் குடுக்க ஏலாது."

உம்மா செதில் உரசத் தொடங்கினார். மீன் வெள்ளையானதும் கத்தியை வைத்தார்.

"என்ட புள்ளைக்கு அடிக்கிற படம் ஆருக்கு வேணும்? ஒருத்தருக்கும் குடுக்காதீங்கோ. நான் கதைக்கிறன், அதைப் பிடியுங்கோ."

"ஒக்டோபரில வரட்டோ உம்மா?"

"ஒக்டோபருக்கு நான் இருக்கோணுமே. போடுறதை அப்பப் போடுங்கோ. கேக்கிறதை இப்பக் கேளுங்கோ. அந்தக் கதிரைய எடுத்து இருங்கோ."

"வேண்டாம் உம்மா. நிக்கிறன்."

ஒரு கையில் போனைத் தூக்கி, மற்றக் கையால் குசினி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உம்மா சொன்னார். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்ததாம். கோழி அடைகாத்ததாம். துவக்கோடு வந்தவர்களில் ஒருவன் பக்கத்து ஊர்ப் பெடியனாம், அதே அடுப்படியில் இருந்து சாப்பிட்டவனாம். "தோட்டைக் கழட்டுங்கோ அக்கா" என்றானாம். புதுப்பெண்ணாம், திருகு வரவில்லையாம். அவன் இழுத்தானாம். உம்மா முக்காட்டை விலக்கிக் காதைக் காட்டினார். காதுச் சோனை இரண்டாகக் கிழிந்து ஆறியிருந்தது. இத்தனை நாளும் அந்த வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன், அதை நான் கண்டதில்லை. தடுக்கப் போன வாப்பாவைத் துவக்குப் பிடியால் வாயில் இடித்தார்களாம். பல்லை அந்த முற்றத்தில் துப்பிவிட்டு நடந்தாராம். அந்தப் பெடியனின் பெயரையும் உம்மா சொன்னார். அது எங்கள் ஊரில் எனக்குத் தெரிந்த குடும்பப் பெயர்.

நிலையை விட்டு ஓட வேண்டும் போல இருந்தது. "அது நான் பிறக்கிறதுக்கு முன்ன நடந்தது" என்று வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டேன். பள்ளியில் பின்னேரத்து அஸர் பாங்கு சொல்லும் வரைக்கும் உம்மா நிறுத்தவில்லை. மீன் ஒரு பக்கம் கருகிப்போனது. அதைத்தான் இரண்டு பேரும் சாப்பிட்டோம்.

ஒவ்வொரு இனத்துக்கும் மாதம் வேணுமா என்று நான் கேட்டேனே, என் பதில் இதுதான்: வேணும். ஆனால் அவரவர் மாதத்தில் மற்ற ஆட்கள் வந்து நிற்க வேணும். அவரவர் மட்டும் கூடிக் கைதட்டினால், பிறகு அந்த மாதத்தின் பெயரையே எடுத்துக் கல்லாக எறிவார்கள். நான் கண்டேன்.

கிண்ணக் குழுவுக்கு வீடியோ இல்லை என்று எழுதிவிட்டேன். உங்கள் பக்கத்துப் பெடியளுக்கும் அதே வரிதான். இந்த ஜனவரியில் என் முகநூல் பக்கத்தில் அப்பா முதல் தடவையாகச் சித்தப்பாவைப் பற்றிக் கதைக்கப்போகிறார். உம்மாவைக் கூப்பிட்டேன். வாறாவாம். முழங்காலால் நிற்க ஏலாதாம், ஒரு கதிரை போடட்டாம்.

ஒரு மாதம் நின்றால் கால் உளையாது என்றீர்களே நானா. நான் ஒரு பகல்தான் நின்றேன். உளைந்தது. இன்று காலை உங்கள் பாய்ச்சலைப் பார்த்துக்கொண்டு கட்டிலை விட்டு எழும்பியபோதும் உளைந்தது. மருந்து ஒன்றும் பூசவில்லை. ஒக்டோபர் வரைக்கும் இருக்கட்டும்.

உங்கள்
ரேடியோ