ஒன்பது மணிக்கு விரிந்த பத்துமணிப்பூ

அப்பா,

இன்று காலை பின்தோட்டத்தில் பத்துமணிப்பூக்கள் விரிந்திருந்தன. உள்ளே எட்டிச் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தேன். ஒன்பது அடிக்க இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது. வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன். நேற்றைய கப்பலில் வந்த கடிதம் மேஜைமேல் கிடந்ததால் கோபம்தான் வந்தது.

அம்மாவுக்கு எழுதியவர் அக்காவைக் கட்டிய அத்தானின் பெரியப்பா. எனக்கு ஒரு வரன் பார்த்திருக்கிறாராம். அது வரைக்கும் சரி. அதற்கடுத்த வரிகளை அப்படியே தருகிறேன்: ‘மூத்தவள் கல்யாணத்தை உங்கள் வீட்டுக்காரர் பிடிவாதமாக நேரம் தப்பி நடத்தினார். அதன் பலனை அவரே அனுபவித்துவிட்டார். சின்னவள் கல்யாணமாவது இங்கே மண்டபத்தில் நல்ல நேரத்தில் நடக்கட்டும்.’

அம்மா இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். நீங்கள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கப்பல்துறை ஜெட்டியில் சாய்ந்து ஏழு மாதம்தான் ஆகிறது. அந்த வலிக்கு அவர் வைத்திருக்கும் பெயர் ‘பலன்’.

அக்காவின் கல்யாணம் நடந்த பங்குனியில் நான் மெட்ராஸில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். மாப்பிள்ளை வீட்டாரும் நானும் ஒரே கப்பலில்தான் வந்தோம். அத்தான் இங்கே வேலைக்கு வந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அதனால்தான் கல்யாணத்தைத் தீவிலேயே வைக்க அவர்கள் அரைமனதாக ஒப்புக்கொண்டார்கள். ஆனால் பத்திரிகையை ஊரில் அடித்து, நேரத்தையும் ஊர்ப் பஞ்சாங்கத்தைப் பார்த்தே போட்டுக் கொண்டுவந்தார்கள்.

நீங்கள் தோட்டத்தை அதற்குள் தயார் செய்திருந்தீர்கள். மரைன் ஹில் சரிவில் நம் குவார்ட்டர்சுக்குப் பின்னால் இருந்ததெல்லாம் கல். ஜெட்டியில் கடல்மட்டம் அளக்கும் வேலை முடிந்து வரும்போது தினமும் ஒரு மண்ணெண்ணெய் டின் நிறைய மண் சுமந்து வந்து, பதினோரு வருடத்தில் அதைத் தோட்டமாக்கியிருந்தீர்கள். அந்த மாதம் கனகாம்பரமும் மல்லிகையும் போட்டி போட்டன. இந்தத் தீவுக்கே உரிய படாக் மரம் புதுத் தளிர் விட்டிருந்தது. அதன் கீழே தென்னங்கீற்றுப் பந்தல். கடைக்கார நெய்னா பாய் தன் பெரிய அண்டாக்களை இறக்கிவைத்துவிட்டு, “பிரியாணிக்கு வாங்கினது அண்ணே. ஒரு நாளைக்குச் சாம்பாரையும் பொறுத்துக்கும்” என்றார்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் காலையில் பெரியப்பா பத்திரிகையைக் கையில் பிடித்துக்கொண்டு பந்தலுக்கு வந்தார்.

“சம்பந்தி, இதுல ஆறே முக்கால்லேருந்து ஏழேகால்னு போட்டிருக்கு. நீங்க ஆறு மணிக்கெல்லாம் தாலி கட்டணும்னு சொல்றீங்களாமே?”

“ஆமா சம்பந்தி. இங்க அஞ்சு இருபதுக்கே சூரியன் வந்துரும். உங்க ஊருக்கு ரொம்பக் கிழக்க இருக்கோம்ல, முக்கா மணி நேரம் முந்தி. நீங்க சொல்ற ஏழு மணிக்கு இங்க ராகு காலம் ஆரம்பிச்சுரும்.”

“திங்கக்கிழமை ராகு காலம் ஏழரைக்கு. பச்சப்புள்ளைக்குக்கூடத் தெரியும்.”

“அது ஆறு மணிக்கு விடியிற ஊருக்கு.”

“இந்தியா பூரா ஒரே மணிதானே ஐயா?”

“மணி ஒண்ணுதான். விடியிறது வேற.”

அவர் முகம் சிவந்துவிட்டது. “காலாபானிக்குன்னு தனி விடியலா? ஜெட்டியில தண்ணி அளக்கிறவர் பஞ்சாங்கம் கணிச்சவருக்குப் பாடம் சொல்றீங்க! போட்ட நேரத்துல நடந்தா இருப்போம். இல்லேன்னா புதன்கிழமை கப்பல் திரும்புது. பையனையும் கூட்டிக்கிட்டு ஏறிடுவோம்.”

பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. ஜன்னல் கம்பிக்குப் பின்னால் அக்கா மஞ்சள் பூசிய முகத்தோடு நின்றிருந்தாள். நீங்கள் என் பக்கம் திரும்பினீர்கள்.

“தாயி, நீ ரெண்டு ஊரு விடியலையும் பாத்தவ. சொல்லு.”

எனக்குத் தெரியும் அப்பா. ஹாஸ்டலில் முதல் நாள் ஐந்து மணிக்கு விழித்தபோது ஒரே கும்மிருட்டு. கடிகாரம் கெட்டுவிட்டது என்று நினைத்து ஒரு மணி நேரம் விழித்தே கிடந்தேன். அந்தப் பந்தலில் அதைச் சொல்ல என்னைவிடப் பொருத்தமான ஆள் இல்லை. நான் பெரியப்பாவின் புதுச் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அதன் வார் கடித்துக் குதிகால் சிவந்திருந்தது. அது நினைவிருக்கிறது. வாய் மட்டும் வரவில்லை.

நீங்கள் கொஞ்சம் காத்திருந்தீர்கள். பிறகு, “வாங்க சம்பந்தி, ஒரு பூ காட்டுறேன்” என்று அவர் கையைப் பிடித்து வேலியோரம் அழைத்துப்போனீர்கள்.

“இதுக்கு உங்க ஊருல என்ன பேரு?”

“பத்துமணிப்பூ. எதுக்கு இப்ப?”

“எத்தனை மணிக்கு விரியும்?”

“பத்து மணிக்குத்தான். இது என்ன கேள்வி?”

“விரிஞ்சிருச்சு பாருங்க. இப்ப உங்க வாட்ச்ச பாருங்க.”

அவர் பார்த்தார். கையை உதறிக் கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டார். மறுபடி பார்த்தார். ஒன்பது ஐந்து.

முதலில் சிரித்தவர் நெய்னா பாய்தான். “அரே, பூவுக்குப் பத்திரிகை வைக்க மறந்துட்டீங்க போலிருக்கே!”

அத்தான் சிரிப்பை அடக்கிக்கொண்டு முன்னால் வந்தார். “பெரியப்பா, நான் வந்த புதுசுல வெயில் மூஞ்சியில அடிக்குதேன்னு எழுந்து, பல்லுகூட விளக்காம ஆபீசுக்கு ஓடியிருக்கேன். போனா மணி ஆறு. வாட்ச்மேன் கேட்டே தொறக்கல. மாமா சொல்ற நேரத்துக்கு நான் மணையில உக்காருறேன்.”

அதன்பின் கப்பல் பேச்சை யாரும் எடுக்கவில்லை.

மறுநாள் தாலி ஏறியபோது ஆறு அடித்துப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. கீற்று இடுக்குகள் வழியாக வந்த வெயில் அக்காவின் கூறைப்புடவையில் கட்டம் போட்டது. நாகஸ்வரத்துக்கு இங்கே ஆள் ஏது? பக்கத்து வீட்டு வங்காளிப் பெண்களைப் பார்த்து நீங்கள் “பஜாவோ, பஜாவோ!” என்று கத்தினீர்கள். அவர்கள் சங்கு ஊதிக் குலவையிட்டதுதான் நமக்குக் கெட்டிமேளம். பெரியப்பா இடது மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே அட்சதை போட்டார்.

பந்தி முடிந்து எச்சில் இலை எடுக்கும்போது உங்களிடம் வந்தேன். “நான் பேசாம நின்னுட்டேன்ப்பா.”

“அதனால என்ன? நீ பேசலேன்னு சூரியன் வராம நின்னுச்சா?” என்று சிரித்தீர்கள். உங்களுக்கு அது அத்தோடு முடிந்தது. எனக்கு முடியவில்லை.

ராகு காலத்தை நான் நம்புகிறேனா என்றால் தெரியாது. நீங்களும் பெரிதாக நம்பியவரில்லை. எத்தனையோ ராகு காலத்தில் வேலைக்குக் கிளம்பியிருக்கிறீர்கள். ஆனால் இங்கே விடிவதை விடியல் இல்லை என்று ஒருவர் சொன்னதை உங்களால் பொறுக்க முடியவில்லை. இங்கே விடிவது விடியல் இல்லையென்றால், இங்கே பிறந்த நானும் அக்காவும் யார்?

அக்காவும் அத்தானும் இதே ஊரில் குட்வில் எஸ்டேட்டில் இருக்கிறார்கள். இரண்டு பிள்ளைகள். நேற்றுகூட மீன் குழம்பில் புளி அதிகம் என்று சண்டை போட்டுவிட்டு, அதே சட்டியை வழித்துச் சாப்பிட்டார்கள். நேரம் தப்பிய கல்யாணம் இதுதான் என்றால் எனக்கும் அதுவே வாய்க்கட்டும்.

கடிதத்துக்குப் பதில் எழுதிவிட்டேன். எழுத்து கோணலாக வந்தது; திருத்தி எழுதவில்லை. ‘என் அப்பா சொன்ன நேரம் சரியான நேரம். மெட்ராஸ் விடியலையும் இந்த ஊர் விடியலையும் என் கண்ணால் பார்த்துச் சொல்கிறேன். அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். அவர் போனது நெஞ்சுவலியால். அதை இனி வேறு பெயரில் எழுதாதீர்கள். எனக்குக் கல்யாணம் நடந்தால் இந்தத் தோட்டத்தில், இந்த ஊர்ச் சூரியனைப் பார்த்துக் குறித்த நேரத்தில் நடக்கும். அதற்குச் சம்மதிப்பவர்கள் கப்பல் ஏறலாம்.’ கீழே என் பெயரும், பெயருக்குப் பின்னால் பி.ஏ.வும். அதை நான் எங்கும் போட்டுக்கொண்டதில்லை.

அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். “இன்னொரு தடவை படி” என்றாள். அடுப்படிக்குப் போகவில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டாள். பிறகு தானே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள். “வா, சேர்ந்தே போய்த் தபால்ல போட்டுட்டு வருவோம்.”

வாசலை விட்டு இறங்கும்போது கடிகாரம் பத்து அடித்தது. நம் தோட்டத்தில் பூக்கள் விரிந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.