வண்டி மேலே ஏறும்வரை வாய் திறக்கக் கூடாது

என் மச்சானே, என் தீராத எதிர்க்கட்சியே,

நம்ம டைரக்டரின் புதுப் படம் வந்துவிட்டது. நீ பார்க்காமல் போன முதல் படம். இருந்திருந்தால் நாகலூர் எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் வேலையை அப்படியே போட்டுவிட்டு டிக்கெட்டுக்கு அலைந்திருப்பாய். நான் பள்ளிக்கு லீவு போட்டுவிட்டு, நம் ஆட்களுடன், வழக்கமான எரிச்சலோடு மலையிலிருந்து சேலத்துக்கு இறங்கினேன். தலைமையாசிரியர் நாற்காலி யாருக்குப் போனது என்று கேட்காதே. அந்த ஆளோடு நான் இன்னும் பேசுவதில்லை.

படம் நன்றாக இல்லை, மச்சான். முன்பெல்லாம் சண்டை பக்கத்து அறையில் நடக்கும். கேமரா அடுப்பில் பொங்கி வழியும் பாலையே பார்த்துக்கொண்டிருக்கும். இப்போது எல்லோரும் கேமராவுக்கு நேராக நின்று அழுகிறார்கள். போதாதென்று பின்னால் வயலின். ஆளிடம் சரக்கு தீர்ந்துவிட்டது என்று எத்தனை வருடமாகச் சொல்லிவந்தேன்? நீ ஒருமுறையாவது ஒத்துக்கொண்டாயா?

பள்ளிக்கூடத்தில் நாம் வாடா போடா. உன் தங்கை வசந்தாவை நான் கட்டிய மறுநாளே நீ ‘ங்க’வுக்கு மாறிவிட்டாய். நான் மாறவில்லை. சண்டையில்கூட அந்த மரியாதையை விடமாட்டாய். “ஏனுங்க மாப்ள, உங்களுக்கு முழுப் படமும் வேணுங்களா? ஒரு சீன் போதாதுங்களா?” அந்த ‘ங்க’ மேல் எனக்கு வந்த கோபம் இன்னும் தணியவில்லை.

நீ போட்ட சட்டம் நினைவிருக்கிறதா? படம் முடிந்து பஸ் ஏறினால், கடைசி கொண்டை ஊசி வளைவையும் தாண்டி ஏரிக்கரை டீக்கடையில் இறங்கும்வரை படத்தைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது. “சூட்டோட சொன்னா அது வாந்திங்க. ஆறட்டும்” என்பாய். இந்தமுறை அடிவாரத்திலேயே மொபைல் கடை சரவணன் போனை எடுத்து, “தலைவர் முடிஞ்சாருங்கோ” என்று நம் டைரக்டர் ரசிகர்களின் வாட்ஸ்அப் குழுவில் பேசிப் போட்டான். அவ்வளவுதான், பஸ்ஸே இரைச்சல். நம் சட்டம் தெரிந்த கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்: “என்னங்க, கீழயே பேசறீங்க? படம் நொம்ப மோசங்களா?”

நான் மட்டும் பேசவில்லை. உன் சட்டத்துக்கு மதிப்புக் கொடுத்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. ஜெயித்த பிறகு எதிரே தோற்க ஆளில்லை. அந்த அலுப்பு.

ஏரிக்கரையில் பனி இறங்கியிருந்தது. டீ வருவதற்குள் சரவணன் ஆரம்பித்தான். “ரைட்டரண்ணன் இருந்திருந்தா இதையும் சூப்பர்னு சொல்லியிருக்குமுங்க. அந்தாளு வெறும் செவுத்தக் காட்டினாக்கூட அண்ணன் கைதட்டும்.” எல்லோரும் சிரித்தார்கள். “குருட்டு பக்திங்க” என்று இன்னொருவன் எடுத்துக் கொடுத்தான்.

அவர்களுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். போன படம் பார்த்துத் திரும்பிய பஸ்ஸில் நீ ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாய். பாதி மலையில் துண்டால் கண்ணைத் துடைத்தாய். அந்தப் படத்தில் அழுவதற்கு ஒன்றுமே இல்லை. அதனால்தான் அழுதாய். மேலே வந்து இறங்கியதும், “அந்தக் கெணத்தடி சீன் ஒண்ணு போதுங்க மாப்ள” என்றாய், குரலில் ஒரு பிசிறு இல்லாமல். ஆளிடம் சரக்கு தீர்ந்தது உனக்கும் தெரிந்திருந்தது. தெரிந்தும் அந்த மனுஷனைக் கைவிடவில்லை. சரி. என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா? உன்மேல் எனக்குள்ள பகை இது ஒன்றுதான்.

அதை அங்கே சொல்லியிருந்தால் உன்னை யாரும் குருடன் என்றிருக்க மாட்டார்கள். நம் பழைய வழக்கிலும் தீர்ப்பு என் பக்கம் ஆகியிருக்கும். நாக்கு நுனிவரை வந்தது. நீ கட்டிக் காத்ததை டீக்கடையில் அவிழ்க்க மனம் வரவில்லை. இங்கே நம் குழுவில் எழுதலாம், நம் ஆட்கள் நாலு வரிக்கு மேல் எதையும் படிப்பதில்லை.

அதற்குப் பதிலாக என்ன சொன்னேன் தெரியுமா? “ஒரு சீன் இருக்குதுடா” என்றேன். ஆஸ்பத்திரி வராந்தாவில் ஒருவன் நனைந்த குடையை விரிக்கிறான், மடக்குகிறான், மறுபடி விரிக்கிறான். உள்ளே அவன் அண்ணன் செத்துக்கொண்டிருக்கிறான். கேமரா உள்ளே போகவே இல்லை. நீ போன அன்று நானும் வராந்தாவில்தான் நின்றேன். உள்ளிருந்து வசந்தாவின் குரல் கேட்கும்வரை மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

“அட, சார் கட்சி மாறிட்டாருங்கோ!” என்று கைதட்டினான் சரவணன். குழுவில் இப்போது என் பெயர் ‘சின்ன ரைட்டர்’. கண்ணும் புத்தியும் உள்ளவன் என்று நான் சேர்த்துவைத்திருந்த பெயர் ஒரு டீக்குள் போய்விட்டது. இந்தப் பழியும் உன்னால்தான்.

வீட்டுக்கு வந்ததும் வசந்தா கேட்டாள். “படம் எப்படிங்க?”

“தேறாது.”

“அண்ணன் இருந்தா ஒரு சீனாவது புடிச்சிருக்குமே?”

குடையைச் சொன்னேன். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த கை நின்றது. “அது போதுங்க” என்றாள். அண்ணனுக்கேற்ற தங்கை. இந்தக் குடும்பத்தோடு நான் எங்கே போய் வாதாடுவது?

அந்த ஆள் அடுத்த படமும் எடுப்பார். அதுவும் தேறாது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் போவேன். ஏரிக்கரை வரும்வரை வாய் திறக்க மாட்டேன். இறங்கியதும் உனக்காக ஒரு சீன் சொல்வேன். டீ குடித்து முடித்ததும் என் பங்குக்குத் திட்டித் தீர்ப்பேன். உன்னைத் திட்டுவதற்கும் நான் ஒருவன் போதும், வேறு யாருக்கும் அந்த இடத்தைக் கொடுக்க மாட்டேன். நீ ஜெயித்துவிட்டதாக மட்டும் எண்ணிக்கொள்ளாதே.

உன் தங்கை புருஷன்,
இன்னமும் உன்னோடு ஒத்துப்போகாத
உன் மாப்ள