படத்தில் வந்தவர்கள்

15.1.2009, வியாழன். சிதம்பரம்.

டிவியில் பொங்கல் சிறப்புப் படம். இரண்டு நாளில் இது நான்காவது. எல்லாவற்றிலும் கடைசி விளம்பரத்துக்குப் பிறகு பிள்ளைகள் வீடு வந்துவிடுகிறார்கள். அபத்தம் என்று தெரிந்தும் அழுதேன்.

அப்போது கடலூரிலிருந்து மகள் பேசினாள்.

"என்னப்பா, ஊட்டுல ஒரே சத்தம்?"

தனியாக டிவி பார்க்கிறேன் என்று சொல்லக் கூச்சம். "புவனகிரி சித்தப்பா குடும்பத்தோட வந்திருக்காரும்மா" என்று பொய் சொன்னேன்.

"அப்பாடா! அவுங்க இருக்காங்கல்ல, நாளைக்குக் காணும் பொங்கலுக்கு நாங்க வரலப்பா. பஸ்ல கூட்டம் ஜாஸ்தி."

சரியென்றேன். உண்மையைச் சொல்ல மூன்று முறை எண்ணை அழுத்தினேன். மணி அடிக்கும் முன்பே வைத்துவிட்டேன்.

மகள் குடும்பத்துக்காகப் பால்காரரிடம் இரண்டு லிட்டர் சொல்லியிருந்தேன். வேண்டாமென்று இன்னும் சொல்லவில்லை.